பெயர் அவருக்கு, பாடு இவருக்கு: பாராமட்டாவின் எலிசபெத் ஃபார்ம்

சிட்னிக்கு மேற்கே, பாராமட்டாவை ஒட்டிய ஹாரிஸ் பார்க் என்றால் அங்குள்ள நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாப்பாடுதான். ரயிலை விட்டு இறங்கி விக்ரம் தெருவுக்குள் நுழைந்தால் தோசை, சாட், பிரியாணி, இனிப்பு என்று வரிசையாகக் கடைகள். (விக்ரம் என்றதும் நம்மூர்ப் பெயர் என்று எண்ணிவிட வேண்டாம், அது வெள்ளைக்காரப் பெயர்.) 2023 மே மாதம் இந்தியப் பிரதமர் சிட்னிக்குப் போயிருந்தபோது இந்தப் பகுதியின் 'லிட்டில் இந்தியா' நுழைவாயிலுக்கு அடிக்கல்லே திறந்துவைத்தார்கள். அந்தக் கடைத்தெருவிலிருந்து கால்மணி நேரம் போல நடந்தால் ஆலிஸ் தெருவில், மரங்களுக்கு நடுவே, தாழ்ந்த கூரையும் அகன்ற வராந்தாவுமாக ஒரு பழைய வீடு இருக்கிறது. அதுதான் எலிசபெத் ஃபார்ம். 1793-ல் எழுந்த வீடு. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டி இன்னும் நிற்கிற கட்டடங்களில் மிகப் பழையது இது. நம் கணக்கில் 230 வருடம் பெரிய வயதில்லை. ஆனால் அந்த மண்ணில் செங்கல் சுட ஆரம்பித்தே அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

வீட்டைக் கட்டியவர் ஜான் மெக்கார்தர். ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்று பள்ளிப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்டவர். 1966-லிருந்து 1988 வரை அந்நாட்டின் இரண்டு டாலர் நோட்டில் அவர் முகமும், கூடவே மெரினோ என்ற மெல்லிய கம்பளி ஆட்டினத்தின் கிடா ஒன்றும் இருந்தன. வீட்டின் பெயரில் இருக்கும் எலிசபெத் அவருடைய மனைவி. கம்பளிக்கு அஸ்திவாரம் போடப்பட்ட காலத்தில் ஜான் சுமார் பன்னிரண்டு வருடம் ஊரிலேயே இல்லை. 1801 முதல் 1805 வரை ஒருமுறை, 1809 முதல் 1817 வரை இன்னொருமுறை, இங்கிலாந்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் ஆட்டைப் பெருக்கியது, நிலத்தைப் பார்த்தது, கணக்கு எழுதியது, பிள்ளைகளை வளர்த்தது எல்லாம் எலிசபெத். அதனால் இந்த வீட்டின் கதையை நோட்டில் அச்சான முகத்தின் வழியாகப் பார்ப்பதைவிட, வீட்டுக்குள் இருந்தவரின் வழியாகப் பார்த்தால்தான் பல விஷயங்கள் புரியும்.

இருவருமே பெரிய இடத்துப் பிள்ளைகள் இல்லை. ஜான் 1767-ல் பிளிமத் துறைமுகத்தை ஒட்டிய ஊரில் ஒரு துணிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். பிற்காலத்தில் அவரைப் பிடிக்காதவர்கள் முதுகுக்குப் பின்னால் 'ஜாக் ரவிக்கை' என்று கிண்டல் செய்ததற்கு அப்பாவின் தொழில்தான் காரணம். எலிசபெத் வீல் 1766-ல் டெவன் மாவட்டத்தின் பிரிட்ஜ்ரூல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட்டதால் ஊர்ப் பாதிரியார் கிங்டனின் வீட்டில் வளர்ந்து, அங்கேயே நல்ல படிப்பும் படித்தார். 1788 அக்டோபரில் கல்யாணம். அடுத்த வருடம் ஆண் குழந்தை. கைக்காசு போதாத நேரத்தில், புதிதாக ஆள் எடுத்த நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் ஜான் லெப்டினன்டாகச் சேர்ந்தார். உலகத்தின் கடைக்கோடியில் கைதிகளைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்துக்குக் காவல் காக்கும் வேலை. வேறு போக்கிடம் இருப்பவர்கள் அதில் சேர மாட்டார்கள்.

1790 ஜனவரியில் 'நெப்டியூன்' என்ற கப்பலில் கிளம்பினார்கள். இரண்டாம் கப்பல் தொகுதி என்று சரித்திரத்தில் கெட்ட பெயர் வாங்கிய பயணம் அது. ஏற்றி வந்த கைதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வழியிலேயே செத்தார். கப்பல் கிளம்புமுன்பே ஜான் கேப்டனோடு தகராறு செய்து பிளிமத்தில் துப்பாக்கிச் சண்டைவரை போனார். அடுத்து வந்த கேப்டனோடும் ஒத்துவரவில்லை. கைதிப் பெண்கள் இருந்த பகுதியை ஒட்டிய சின்ன அறையில் கர்ப்பிணியான எலிசபெத் நாற்றத்திலும் கூச்சலிலும் அடைந்து கிடந்தார். கடைசியில் நடுக்கடலில், கைக்குழந்தையோடு 'ஸ்கார்பரோ' கப்பலுக்கு மாறினார்கள். வழியில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை இறந்தது. 1790 ஜூன் கடைசியில் சிட்னியில் இறங்கியபோது ஜானுக்கு 500 பவுண்டுக்கு மேல் கடன் இருந்தது என்று பின்னால் ஆளுநர் கிங் எழுதினார். அதே கடிதத்தில், 1801-ல் அந்த மனிதரின் சொத்து குறைந்தது 20,000 பவுண்டு என்றும் எழுதியிருக்கிறார். பதினோரு வருடத்தில் இது எப்படி நடந்தது?

பதில் எளிது: பதவி. 1792 இறுதியில் முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப் ஊருக்குத் திரும்பியதும் படைத்தலைவர் பிரான்சிஸ் குரோஸ் பொறுப்பு ஆளுநரானார். தன் படை அதிகாரிகளுக்கு நிலத்தை அள்ளிக் கொடுத்தார். நிலம் மட்டுமல்ல, ஒவ்வொரு அதிகாரிக்கும் விவசாயத்துக்குப் பத்துக் கைதிகள், வீட்டு வேலைக்கு மூன்று கைதிகள். அவர்களுக்குச் சாப்பாடு, துணி எல்லாம் அரசாங்கக் கிடங்கிலிருந்து. விளைந்ததை அதே அரசாங்கக் கிடங்குக்கே விலைக்கு விற்கலாம். அதாவது கூலியும் அரசாங்கம், கொள்முதலும் அரசாங்கம், லாபம் மட்டும் அதிகாரிக்கு. இதற்கு மேல், வந்து சேரும் கப்பல்களில் உள்ள ரம் சாராயத்தை அதிகாரிகளே கூட்டாக வாங்கிப் பல மடங்கு விலை வைத்து விற்றார்கள். பணப்புழக்கம் இல்லாத ஊரில் சாராயமே கூலியானது. 1793-ல் பொதுப்பணிகளின் மேற்பார்வையாளர் பதவியும் ஜானுக்குக் கிடைத்தது. எந்தக் கைதி எங்கே வேலைக்குப் போவது என்பது அவர் கைக்குள் வந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் 'உழைத்து முன்னேறிய குடும்பம்' என்று எழுதினால் அது பாதிக் கதைதான்.

1793 பிப்ரவரியில் பாராமட்டாவில் 100 ஏக்கர் கிடைத்தது. முதன்முதலில் 50 ஏக்கரைத் திருத்திப் பயிரிட்டவர் என்ற வகையில் அடுத்த வருடம் இன்னொரு 100 ஏக்கர். நிலத்துக்கு மனைவியின் பெயர். 1793 கடைசிக்குள் வீடு தயார். 1794-ல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் ஜான் பெருமையோடு அளவு சொல்கிறார்: செங்கல் வீடு, முகப்பு 68 அடி, அகலம் 18 அடி, மாடி கிடையாது, தரையில் நான்கு அறைகளும் ஒரு பெரிய கூடமும், நிலவறை, பக்கத்தில் தனியாகச் சமையலறையும் வேலைக்காரர் அறைகளும், சுற்றிலும் மூன்று ஏக்கரில் திராட்சையும் பழமரமும் காய்கறியும். கணக்குப் போட்டால் 1,224 சதுர அடி, சென்னையில் ஓர் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் அளவு. மற்றவர்கள் களிமண் பூசிய குடிசைகளில் இருந்த ஊரில் அதுவே மாளிகை. இன்று போய்ப் பார்க்கும்போது தெரிகிற வராந்தா, உயரமான கண்ணாடிக் கதவுகள், அகன்ற பெரிய அறைகள் எல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை. அவற்றுக்கு நடுவே அந்த 18 அடி அகலச் செங்கல் வீடு அப்படியே இருக்கிறது. ஒரே வரிசையில் கோத்த அறைகள், ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் கதவுகள் என்று முதல் திட்டத்தை இன்றும் நடந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இந்த நிலம் காலியாகக் கிடந்த நிலம் இல்லை. பூர்வகுடிகளான தாருக் மக்களின் ஒரு பிரிவான புரமட்டகல்களின் ஊர் அது. ஆற்றில் விலாங்கு பிடித்து, கரையில் கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்கள். பண்ணைகள் கரையோரமாக நீண்டபோது அவர்கள் சோற்றில்தான் மண் விழுந்தது. பெமல்வுய் என்ற போராளி 1797-ல் சுமார் நூறு பேரோடு பாராமட்டாவுக்குள்ளேயே புகுந்து படையோடு மோதினார். குண்டு பட்டு விழுந்தவரை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். காலில் பூட்டிய விலங்கோடு தப்பிப் போனார். 1802-ல் அவரைச் சுட்டுக் கொன்று தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவருடைய மகன் டெட்பரி இந்த வீட்டுக்கு வந்துபோகிறவராக இருந்தார் என்பதுதான் விசித்திரம். 1808-ல் ஜானைச் சிறையில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஈட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆளுநரைக் குத்தப் போகிறேன் என்று அவர் வந்து நின்றதாகச் சொல்கிறார்கள். அப்பாவைக் கொன்ற கூட்டத்தில் ஒருவருக்காக மகன் ஈட்டி எடுத்தார் என்றால், அந்தக் கால உறவுகளை நாம் எளிதாக இரண்டு அணியாகப் பிரித்துவிட முடியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

எலிசபெத்துக்கு வருவோம். அந்தக் குடியிருப்பில் இருந்த படித்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்த புதிதில், பொழுது போகாமல், படையதிகாரி வில்லியம் டாஸிடம் வானியல் கற்கப் போனார். கொஞ்ச நாளிலேயே இது நமக்குச் சரிப்படாது என்று விட்டுவிட்டு தாவரவியலுக்கு மாறினார். முதல் கப்பல் தொகுதியில் வந்த வொர்கன் என்ற மருத்துவர் ஒரு பியானோவைக் கூடவே கொண்டுவந்திருந்தார். எலிசபெத்துக்கு இரண்டு பாட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1791-ல் ஊர் திரும்பும்போது பியானோவையே அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சோற்றுக்கே ரேஷன் போட்ட ஊரில் ஒரு பியானோ!

இந்த விவரமெல்லாம் நமக்குக் கிடைப்பது எலிசபெத் ஊருக்கு எழுதிய கடிதங்களால். பாதிரியார் வீட்டில் கூட வளர்ந்த தோழி பிரிட்ஜெட் கிங்டனுக்கு எழுதிய கடிதங்கள் பேச்சைப் போலவே ஓடுகின்றன. பண்ணையின் மூன்று பக்கமும் தண்ணீர் என்கிறார். பீச் பழம் மரத்தில் இத்தனை காய்த்துக் கொட்டுகிறது, பன்றிக்குப் போட்டுக் கொழுக்க வைக்கிறோம் என்கிறார். ஒரே மூச்சில் மாடு எத்தனை, ஆடு எத்தனை, கோதுமை எவ்வளவு என்று கணக்கும் வருகிறது. ஒன்பது பிள்ளைகள் பெற்று ஏழு தங்கின. ஆண் பிள்ளைகளை ஏழெட்டு வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பியாக வேண்டும். மூத்தவன் எட்வர்ட் 1797-ல் போனான். 1801-ல் அப்பாவோடு கப்பலேறிய இளைய ஜானுக்கு வயது ஏழு. அந்தப் பையன் திரும்பி வரவே இல்லை.

ஆட்டுக்கதையின் ஆரம்பத்தில் நம் பக்கத்து ஆடுகளும் வருகின்றன. 1794-ல் ஓர் அதிகாரியிடமிருந்து ஜான் வாங்கிய 60 ஆடுகளும் குட்டிகளும் கல்கத்தாவிலிருந்து வந்த வங்காளத்துச் செம்மறிகள். கம்பளிக்கு அவை லாயக்கில்லை, உடம்பில் இருப்பது முரட்டு முடிதான். கொஞ்ச நாளில் ஒரு கப்பல் கேப்டனிடமிருந்து அயர்லாந்து ஆடுகள் சில கிடைத்தன. இரண்டையும் கலந்துவிட்டபோது, பிறந்த குட்டிகளின் மேல் முடியும் கம்பளியும் கலந்து வந்தது. கலப்பால் தோலின் மேல் வளர்வதை மாற்ற முடியும் என்று ஜான் கண்டுகொண்டது அங்கேதான். 1797-ல் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஸ்பெயின் வம்சத்து மெரினோ ஆடுகள் வந்து இறங்கின. பலரும் அவற்றை வாங்கினார்கள். ஆனால் அப்போது ஊரில் இறைச்சிக்குத்தான் கிராக்கி, அதனால் மற்றவர்கள் தங்கள் மந்தையோடு கலந்துவிட்டார்கள். மெக்கார்தர் பண்ணையில் மட்டும் அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்து, சுத்தமாக வம்சம் பெருக்கினார்கள். கம்பளி பெட்டியில் அடைத்தால் கெடாது. இங்கிலாந்துவரை ஆறேழு மாதக் கடற்பயணத்தைத் தாங்கி, போய் இறங்கியதும் நல்ல விலைக்குப் போகிற சரக்கு அந்தக் குடியிருப்பில் வேறெதுவும் இல்லை.

ஆனால் ஜானின் வாய் சும்மா இருக்காது. 1801 செப்டம்பரில் தன் மேலதிகாரி பேட்டர்சனையே துப்பாக்கிச் சண்டைக்கு இழுத்துத் தோளில் சுட்டார். ஆளுநர் கிங் விசாரணைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பினார். போகிற மனிதர் சும்மா போகவில்லை. கிளம்புவதற்கு முன்னால், சக அதிகாரி ஃபோவோவின் ஆட்டு மந்தையையும் துங்காபியில் இருந்த அவருடைய நிலத்தையும் விலைக்கு வாங்கி மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார். துங்காபி இன்று ஈழத்தமிழர்கள் நிறைய வாழும் பகுதி. 1801-ல் அது ஒரே இரவில் எலிசபெத்தின் தலையில் ஏறிய ஆயிரத்துச் சொச்சம் ஆடுகள்.

அந்த நாலு வருடத்தில் ஓர் இரவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1804 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து காஸில் ஹில் பண்ணையில் அயர்லாந்துக் கைதிகள் ஆயுதம் எடுத்துவிட்டார்கள். எலிசபெத் பாராமட்டா பாதிரியார் மார்ஸ்டன் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது. கிளர்ச்சிக்காரர்களின் திட்டத்தில் அவர் வீட்டுக்குத் தனி இடமே இருந்தது: எலிசபெத் ஃபார்முக்குத் தீ வைப்பது, தீயை அணைக்கப் படை வெளியே ஓடும், அந்த நேரத்தில் ஆளில்லாத பாராமட்டாவைப் பிடிப்பது. படைக்காரர்கள் எந்த வீட்டுக்காக ஓடிவருவார்கள் என்று கைதிகளுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். பெண்களும் பிள்ளைகளும் ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி ஆற்றுவழியே சிட்னிக்குப் போனார்கள். தீ வைக்கப்படவில்லை. மறுநாளே கிளர்ச்சி நசுக்கப்பட்டது, தலைவர்கள் தூக்கில் தொங்கினார்கள். எலிசபெத் திரும்பி வந்து ஆட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

இங்கிலாந்தில் ஜானுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நெப்போலியனோடு சண்டை நடந்த காலம், ஸ்பெயினிலிருந்து மெல்லிய கம்பளி வருவது எப்போது நிற்குமோ என்று ஆலைக்காரர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். கையோடு கொண்டுபோன கம்பளி மாதிரியை அவர்களிடம் காட்டினார். விசாரணைக்கு வந்த குற்றவாளி, அமைச்சர் கேம்டன் பிரபுவின் சிபாரிசில் 5,000 ஏக்கர் நிலத்தோடும், மன்னரின் மந்தையிலிருந்து ஏலத்தில் எடுத்த மெரினோ ஆடுகளோடும் 1805-ல் வந்து இறங்கினார். அவர் கேட்டு வாங்கிய இடம் 'கவ்பாஸ்சர்ஸ்'. 1788-ல் குடியேற்றத்திலிருந்து ஓடிப்போன சில மாடுகள் ஏழு வருடம் கழித்துப் பெரிய மந்தையாகக் கண்டுபிடிக்கப்பட்ட பசும்புல்வெளி அது. மாடுகள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்த நிலம் என்று சொல்லலாம். அதற்கு கேம்டன் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆளுநர் வில்லியம் பிளை, 'பவுண்டி' கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து நடுக்கடலில் இறக்கிவிட்ட அதே பிளை. இரண்டு முன்கோபிகளுக்கு ஒரே ஊர் எப்படிப் போதும்? மெக்கார்தருக்குப் பங்கு இருந்த ஒரு கப்பலில் கைதி ஒருவன் ஒளிந்து தப்பிப் போய்விட்டான். 900 பவுண்டு பிணைத்தொகை பறிபோனது. ஜான் கட்ட மறுத்தார். 1807 டிசம்பர் 15-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, தலைமை கான்ஸ்டபிள் பிரான்சிஸ் ஓக்ஸ் பிடிவாரண்டோடு எலிசபெத் ஃபார்மின் கதவைத் தட்டினார். ஜான் அவரோடு போகவில்லை. ஒரு தாளை எடுத்து, இந்தக் கொடுங்கோன்மைக்குப் பலவந்தப்படுத்தினால் ஒழியப் பணிய மாட்டேன், இதையும் இதை அனுப்பியவர்களையும் துச்சமாக மதிக்கிறேன் என்று எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார். மறுநாள் கைதானார். அந்தத் தாளே அவர் மேல் முக்கியச் சாட்சியானது. ஆறு வாரம் கழித்து, 1808 ஜனவரி 26-ல், படை அணிவகுத்துப் போய் ஆளுநரையே சிறைபிடித்தது. ஆஸ்திரேலியாவில் ஆயுதம் ஏந்தி ஆட்சியைக் கவிழ்த்தது அந்த ஒருமுறைதான். புது ஆட்சியில் ஜான் காலனிச் செயலாளர் ஆனார்.

அதற்கு விலை எட்டு வருடம். 1809-ல் தன் தரப்பைச் சொல்லப் போகிறேன் என்று இளைய மகன்கள் ஜேம்ஸ், வில்லியம் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். லண்டனில் அவரை விசாரிக்க முடியாது, அவர் இப்போது படையில் இல்லாத சாதாரணக் குடிமகன். ஆனால் சிட்னியில் கால் வைத்தால் கைது என்று புது ஆளுநர் மக்வாரிக்கு உத்தரவு. ஆக, அங்கேயே இருந்தார்.

எலிசபெத்துக்கு அப்போது வயது 42. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், கடைசி எம்மலின் கைக்குழந்தை. துணைக்கு, பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த பெனலப்பி லூகஸ். பாராமட்டாவில் ஒரு பண்ணை, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி கேம்டனில் இன்னொரு பண்ணை. கைதிகளை வேலை வாங்க வேண்டும். கிடாக்களைப் பிரிக்க வேண்டும், கம்பளி வெட்டுவதை மேற்பார்க்க வேண்டும், கப்பலுக்கு மூட்டை அனுப்ப வேண்டும். வறட்சி வந்தது. 1814 முதல் 1816 வரை கேம்டன் பக்கம் பூர்வகுடி மக்களுக்கும் குடியேறிகளுக்கும் ரத்தக்களறி, அவர் பண்ணை ஆட்களும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலடியாக மக்வாரி அனுப்பிய படை 1816 ஏப்ரலில் ஆப்பின் அருகே குறைந்தது 14 பேரைக் கொன்றது, அதில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் எலிசபெத் ஆளுநர் குடும்பத்தோடு நல்ல உறவையும் காப்பாற்றிக்கொண்டார். கணவனைக் கைது செய்யக் காத்திருந்த அதே ஆளுநரின் வீட்டில் விருந்துக்குப் போய் வந்தார். சாமர்த்தியம் என்றால் இதுதான் சாமர்த்தியம். லண்டனிலிருந்து ஜான் எழுதிய ஒரு கடிதத்தில், இத்தனை கஷ்டத்தைத் தாங்கி ஜெயிக்கிற மனவுறுதி ஆயிரம் பெண்களில் ஒருத்திக்குக்கூட இருக்காது என்று ஒத்துக்கொண்டார். பொது விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு 1817-ல் ஊர் திரும்பினார். 1822-ல் லண்டன் கலைச் சங்கம் 1,50,000 பவுண்டு எடை கம்பளி அனுப்பியதற்கும், அதன் தரத்துக்கும் இரண்டு பதக்கம் கொடுத்தது. கொடுத்தது ஜானுக்கு.

திரும்பி வந்தவருக்குப் பணம் இருந்தது, நிம்மதி இல்லை. வீட்டைப் பெரிதாக்க ஆரம்பித்தார். 1824 வாக்கில் பெனலப்பி லூகஸுக்கென்று பக்கத்திலேயே ஹாம்பிள்டன் காட்டேஜ் எழுந்தது, அதுவும் இன்று அருங்காட்சியகம். 1820-களின் பின்பாதியில் பழைய குடியிருப்பு வீட்டை அந்தக் கால நாகரிகத்துக்கு ஏற்ற பங்களாவாக மாற்றும் வேலை தொடங்கியது. சுவரைத் தள்ளினார்கள், கூரையைத் தூக்கினார்கள், மறுபடி மாற்றினார்கள். ஜானின் மனமும் அப்போது நிலைகொள்ளவில்லை. ஒருநாள் மிதமிஞ்சிய உற்சாகம், அடுத்த வாரம் படுத்த படுக்கை. 1831-ல் லண்டனில் இருந்த மகன் ஜான் இறந்தான், ஏழு வயதில் கூட்டிக்கொண்டு போன அதே மகன். அதன் பிறகு சந்தேகம் முற்றியது. நாற்பது வருடம் குடித்தனம் செய்த மனைவிமேல் நடத்தைப் பழி, மகள்கள்மேல் திருட்டுப் பழி. எலிசபெத் தன் பெயரிட்ட வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. 1832-ல் மருத்துவர்கள் ஜானுக்குச் சித்தம் கலங்கியதாக அறிவித்தார்கள். பின்பு மகன்கள் அவரைக் கேம்டனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே 1834 ஏப்ரலில் இறந்தார். எலிசபெத் வீட்டுக்குத் திரும்பி வந்து 1850 பிப்ரவரிவரை வாழ்ந்தார்.

பக்கத்தில் இன்னொரு வீடு இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் குறை. ஜேம்ஸ் ரூஸ் என்ற கார்ன்வால் கைதிக்கு 1789-ல் ஆளுநர் பிலிப் ஒன்றரை ஏக்கர் கொடுத்து, ஒரு மனிதன் தன் கையால் விளைவித்துப் பிழைக்க முடியுமா பார்ப்போம் என்றார். பிழைத்துக் காட்டினார். 1791-ல் கிடைத்த 30 ஏக்கர்தான் அங்கே முதல் நில மானியம். இரண்டே வருடத்தில் அதை 40 பவுண்டுக்கு மருத்துவர் ஜான் ஹாரிஸிடம் விற்றார். ஹாரிஸ் பார்க் என்ற பெயர் இவருடையது. ஆஸ்திரேலியாவுக்கு வருமுன் கடற்படையோடு பத்து வருடம் இந்தியாவில் இருந்தவர். 1830-களில் அந்த நிலத்தில் அவர் கட்டிய வீடு, வராந்தா, அதன் மேல் தாழ இறங்கும் கூரை என்று அசல் இந்தியக் கன்டோன்மென்ட் பங்களா. 1961-ல், பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட் நியூ சவுத் வேல்ஸில் முதன்முதலாக விலைக்கு வாங்கிக் காப்பாற்றிய வீடு இதுதான். ரூஸுக்கு நிலம் எதுவும் கடைசியில் தங்கவில்லை. கேம்பல்டவுனில் இருக்கும் அவர் கல்லறைக் கல்லில், இந்தக் காலனியில் முதல் விதையை விதைத்தவன் நான் என்று எழுத்துப் பிழைகளோடு செதுக்கியிருக்கிறது. ஹாரிஸும் மெக்கார்தரும் வந்தது அதே இரண்டாம் கப்பல் தொகுதியில், ஒரே படைப்பிரிவில். ரூஸ் முதல் தொகுதி, ஆனால் கைதி.

எலிசபெத்துக்குப் பின் எலிசபெத் ஃபார்ம் மூத்த மகன் எட்வர்டுக்குப் போனது. அவர் ராணுவத்தில் உயர்ந்து, விக்டோரியாவின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தவர். இந்த வீட்டில் வந்து தங்கவில்லை. குடும்பத்தின் கவனமும் காசும் கேம்டன் பக்கம் போய்விட்டதால் இது வாடகைக்கு விடப்பட்டு வந்தது. 1881-ல் குடும்பம் விற்றது. மனை போட்டு விற்ற நிலத்தில் தெருக்களும் தொழிற்சாலைகளும் வந்தன, ஒரு பகுதியில் 1885-ல் ரோஸ்ஹில் குதிரைப் பந்தய மைதானம் திறந்தார்கள். வீடு கேட்பாரற்றுக் கிடந்தது. 1904-ல், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஸ்வான் குடும்பம் அதைச் சுற்றியிருந்த ஆறு ஏக்கரோடு வாங்கியது. பெரிய குடும்பம், நிறையப் பெண் பிள்ளைகள், படித்தவர்கள், பள்ளிக்கூடம் நடத்தியவர்கள். ஒழுகும் கூரையைச் சரிபார்த்து, இடிக்கலாம் என்று வந்த யோசனைகளை ஒதுக்கி, 1968 வரை அந்த வீட்டில் இருந்தார்கள். எலிசபெத்துக்கு அந்த வீடு சொந்தமாக இருந்த காலத்தைவிட இது கொஞ்சம் அதிகம். ஆனால் பெயர்ப்பலகையில் இவர்களுக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

பின்பு ஒரு அறக்கட்டளை வாங்கி, மாநில அரசின் கைக்கு வந்து, 1984-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. இங்கே கயிறு கட்டி 'தொடாதீர்கள்' என்று எழுதி வைப்பதில்லை. மேசை, நாற்காலி, பாத்திரம் எல்லாம் பழைய கடிதங்களையும் சாமான் பட்டியல்களையும் பார்த்துச் செய்த நகல்கள், அதனால் உட்காரலாம், புத்தகத்தைப் புரட்டலாம், சமையலறை அடுப்படிவரை போகலாம். குடும்பத்தின் அசல் சாமான்களைப் பார்க்க வேண்டுமென்றால் கேம்டன் பார்க் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஜான் சாவதற்கு முன் கட்ட ஆரம்பித்து 1835-ல் மகன்கள் முடித்த வீடு அது. வம்சாவளியினர் இன்னும் அதில் குடியிருக்கிறார்கள்.